கலைக்களஞ்சியத் தொகுதிகளுக்கு இன்னும் 1,87,000 ரூபா வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

கோணேசப் பெருமான் திருவருளால் எமது வாசிகசாலைக்குக் கலைக்களஞ்சியம் வாங்கும் வேலை பாதிக்கு மேல் வந்துவிட்டது. விஜயதசமியன்று பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும்போது தொகுதிகள் அலுமாரியில் இருக்க வேண்டும். சென்னையில் அவற்றை எடுத்து வைத்திருக்கும் பழைய புத்தக வியாபாரியோ ஆவணி முடியும் மட்டும்தான் பொறுப்பாராம்.

தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் தந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம் திருகோணமலை மண்ணில் பிறந்தவர். அவர் தமையனார் கனகசுந்தரம்பிள்ளை ஏட்டுச்சுவடிகளோடு வாழ்ந்த பேரறிஞர். ஈழத்தில் 1902இலேயே முத்துத்தம்பிப்பிள்ளையின் கலைக்களஞ்சிய நூலான 'அபிதான கோசம்' அச்சேறிவிட்டது. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருக்க, 1954 முதல் வெளிவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும், அதன்பின் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும்தான் நாங்கள் வாங்கப்போவது. இவ்வளவு பெருமை பேசும் ஊரின் வாசிகசாலையில் ஒரு முழு வரிசைகூட இல்லை என்று வெளியில் சொல்லவே கூசுகிறது.

"எல்லாம் போனில் இருக்குத்தானே" என்று சிலர் கேட்கிறார்கள். சரி, புதிய விஞ்ஞானச் செய்திக்கு 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும். ஆனால் போனில் தேடியது மட்டும்தான் வரும். அகரவரிசைப் புத்தகத்தில் தேடாததும் கண்ணில் படும். திமிங்கிலத்தைத் தேடும் பிள்ளை பக்கம் புரட்டினால் திருக்குறளுக்கு வந்துவிடும். வானியல், வைத்தியம், நாட்டியம், நெல், நாணயம் எல்லாம் ஒரே அலுமாரியில். நம் கடலில் நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவது ஏன், கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வெந்நீர் ஊறுவது எப்படி என்று கேட்கும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். கடலடிப் பள்ளத்தாக்கு, நிலத்தடி வெப்பம் என்று அவர்கள் தாமாகவே தேடிப் போக வழி வேண்டாமா?

தொகுதிகளுக்கு 3,40,000 ரூபா. கப்பல் கூலியும் சுங்கமும் 65,000. கண்ணாடி அலுமாரி இரண்டுக்கு 1,10,000. மொத்தம் 5,15,000. சேர்ந்தது 3,28,000.

அதைத் தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஓய்வூதியத்தில் பங்கு எடுத்துவைத்த ஆசிரியர்கள், ஒருநாள் மீன்பாட்டுக் காசை அப்படியே தந்த கடற்றொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டும் தம்பிமார், கனடாவிலும் லண்டனிலும் இருந்து கேட்காமலே அனுப்பிய உறவுகள், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பிள்ளைகள், மரக்காசு மட்டும் போதும் என்று கூலியை விட்ட தச்சர் ஐயா. சரஸ்வதி தாயார் உங்கள் வீடுகளில் குறைவின்றி இருப்பாள்.

சென்ற பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தித் தொகை சொன்ன சிலர் இன்னும் தரவில்லை. பெயர் சொல்லமாட்டோம், அவர்களுக்கே தெரியும். வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போட லட்சம் செலவழிக்கும் நமக்கு இது பெரிய தொகை இல்லை.

தினமும் மாலை 4 முதல் 7 மணிவரை வாசிகசாலையில் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 500 ரூபாவும் எங்களுக்குப் பெரிது.

இங்ஙனம்,
வாசிகசாலைச் செயற்குழுவினர், திருகோணமலை