‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். சென்ற மாதம் ஏழாம் வகுப்புக்குக் கடிதப் பயிற்சி கொடுத்தேன். எங்கள் பள்ளி விடுவது 4.10க்கு. டவுன் பஸ் 4.05க்கே வாசலைத் தாண்டிவிடும். அடுத்த பஸ் 5.30. நேரத்தை மாற்றித் தரச் சொல்லிப் பணிமனைக் கிளை மேலாளருக்கு எழுதுங்கள் என்றேன்.

31 தாள் வந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள், உறைமேல் முகவரி, எதிலும் இம்மி பிசகில்லை. நடுவில் மட்டும் ‘பேருந்தின் நேரத்தை மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரே வரி. எதற்காக மாற்ற வேண்டும் என்று 28 பேர் எழுதவே இல்லை.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அமைப்பு சரியா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டுப் பழகியவள் நான். பேச்சுப்போட்டிக்கு நானே எழுதிக்கொடுத்து, எந்த வரியில் கையைத் தூக்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்துப் பரிசும் வாங்கவைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இதே பிள்ளைகள் கோயில் கொடைக்கு லீவு கேட்டு வரும்போது பார்க்க வேண்டும். “செவ்வாய்க்கிழமை டெஸ்ட்டுக்குள்ள செய்யுளை இப்பவே ஒப்பிச்சிருதேன் டீச்சர்” என்றான் ஒருவன். நான் என்ன சொல்லி மறுப்பேன் என்பதை வீட்டிலேயே யோசித்துவிட்டு வந்திருக்கிறான்! பேனாவை எடுத்ததும் அந்தச் சாமர்த்தியம் எங்கோ போய்விடுகிறது.

அவனையே என் நாற்காலியில் உட்காரவைத்து, நீதான் கிளை மேலாளர் என்றேன். ஒவ்வொருவராகப் போய்க் கேட்க வேண்டும். ‘கஷ்டமா இருக்கு சார்’ என்று போனவர்களை, ‘டிரைவர் இல்ல’, ‘எல்லாம் பாஸு, கலெக்‌ஷன் கிடையாது’ என்று விரட்டிக்கொண்டே இருந்தான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். “பத்து நிமிஷம் லேட்டா எடுத்தா திரும்புற டிரிப்புக்கு லேட்டாயிரும்னு சொல்லுவீங்க. சரிதான் சார். ஆனா எங்க ஊர்ல வந்து கால் மணி நேரம் சும்மாதான நிக்குது? அஞ்சு நிமிஷம் நின்னா போதுமே” என்றாள். மேலாளருக்கு வாயடைத்துப்போனது. அதையே எழுதச் சொன்னேன், வகுப்பே கையெழுத்துப் போட்டது.

அவள் செய்ததற்கு நன்னூலில் பெயர் இருக்கிறது. எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை, கருத்து) மூன்றாவது, ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவே’. எதிராளி சொல்வதை முதலில் ஒத்துக்கொண்டு அப்புறம் அதைக் களைவது. படிக்கிற காலத்தில் அந்த ஏழையும் நான் ஒப்பித்தவள்தான். ஒரு பஸ் கடிதத்துக்கு அது உதவும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஆறு முதல் எட்டு வரை கடிதத்துக்கும் கட்டுரைக்கும் மதிப்பெண் பிரிக்கும்போது காரணத்துக்கு, சான்றுக்கு, எதிர்த்தரப்புக்குச் சொல்லும் பதிலுக்கு எனத் தனித்தனியே ஒதுக்குங்கள். உறைமேல் முகவரிக்கு அரை மதிப்பெண் போதும். தலைப்பிலும் கொஞ்சம் சண்டை இருக்கட்டும். ‘மரம் வளர்ப்போம்’ என்றால் மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? ‘மைதானத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டு சைக்கிள் ஷெட் போடலாமா?’ என்று கேட்டுப்பாருங்கள், எட்டாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

பணிமனைக்குப் போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. “ரெண்டாவது லெட்டரை நான் எழுதுதேன் டீச்சர், மேலாளர் என்ன நினைப்பாருன்னு எனக்குத்தான் தெரியும்” என்கிறான் என் நாற்காலியில் உட்கார்ந்தவன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
சங்கரன்கோவில் வட்டம், தென்காசி மாவட்டம்