கூடங்குளம் முதல் அலகில் வேலையை மறுபடி தொடங்கக் கோரி முதலமைச்சருக்கு மனு

அனுப்புநர்: சிறு லேத் பட்டறை நடத்தும் ஒரு குடிமகன், கோயம்புத்தூர் மாவட்டம்

பெறுநர்: மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை

நாள்: மார்ச் 2012

பொருள்: மின்வெட்டு - கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகில் நின்றுபோன வேலையைத் தொடர அனுமதி கோருதல்

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்களின் பயம் தீரும் வரை கூடங்குளத்தில் வேலையை நிறுத்தி வையுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டு 2011 செப்டம்பர் 22 அன்று நம் அமைச்சரவை ஒரு தீர்மானம் போட்டது. அன்றைக்கு அது நியாயம்தான், ஊர் மக்கள் உண்ணாவிரதம் இருக்கும்போது அவர்கள் பேச்சைக் கேட்காத அரசு எதற்கு. ஆனால் இப்போது மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டது, நீங்களே அமைத்த மாநிலக் குழுவும் பார்த்துவிட்டது. இனியும் முடிவு சொல்லாமல் இருந்தால் அது வேண்டாம் என்று சொன்னதற்குச் சமம். வேலையைத் தொடரலாம் என்று அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

மின்வெட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னையைத் தாண்டினால் எட்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். ஆனால் பட்டறைக்குள் அது என்ன செய்கிறது என்பது கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதனால் சொல்கிறேன். லேத்தில் ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டூல் இரும்பைக் கடித்தபடியே நின்றுவிடும், டிப் உடையும், திரும்ப வந்ததும் அதே இடத்திலிருந்து ஓட்டினால் அங்கே ஒரு கோடு விழும், அந்த ஜாபை எந்தக் கம்பெனியும் வாங்காது, ஸ்கிராப்தான். பவுண்டரிக்காரர்கள் கதி இன்னும் மோசம், இண்டக்‌ஷன் பர்னஸில் பாதி உருகிய இரும்பு அப்படியே உறைந்துபோனால் உலையின் உள்பூச்சையே உடைத்து எடுக்க வேண்டியிருக்கும். ஜெனரேட்டர் வைத்து ஓட்டலாமே என்பார்கள். டீசல் கரண்ட் ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு லைன் கரண்டைப் போல இரண்டு மூன்று மடங்கு, ஜாப் ஒர்க் கூலியோ பழைய கூலிதான். என்னைப் போல நாலு மிஷின் வைத்திருப்பவன் டீசல் ஊற்றி ஓட்டினால் ஓட்டுகிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். சம்பளம் கொடுத்து ஆட்களை உட்கார வைத்திருக்கிறோம், அவர்களுக்கே அது கூச்சமாக இருக்கிறது. வீட்டிலோ பிளஸ் டூ பிள்ளைகள் வியர்வை சொட்டச் சொட்டப் படிக்கிறார்கள், இது பரீட்சை மாதம்.

சரி, கூடங்குளம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. பற்றாக்குறை 3,000 மெகாவாட்டுக்கும் மேல் என்று அரசுத் தரப்பிலேயே சொல்கிறார்கள். கூடங்குளத்தின் இரண்டு அலகும் சேர்ந்து 2,000 மெகாவாட், அதில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 925. முதல் அலகு மட்டும் ஓடினால் நமக்குக் கிடைப்பது 460 மெகாவாட் சொச்சம். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் அது முழுத் திறனில் ஓடும் நாளில் நமக்கு வருவது சுமார் 1.1 கோடி யூனிட், அதுவும் ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஒரே சீராக வரும். எத்தனையோ ஆயிரம் சிறு பட்டறைகளுக்கும் தறிகளுக்கும் இதில் ஒரு ஷிப்ட் திரும்பக் கிடைக்கும்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுகிற வழிகளை எல்லாம் நானும் யோசித்துப் பார்த்தேன். காற்றாலையில் நம் மாநிலத்தை அடித்துக்கொள்ள இந்தியாவில் ஆள் இல்லை, 6,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறோம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை காற்றாடிதான், கூடங்குளத்தைச் சுற்றியே நிற்கின்றன. ஆனால் மே மாதம் ஆரம்பிக்கிற காற்று அக்டோபரில் இறங்கிவிடும். இப்போது மார்ச், அத்தனை காற்றாடியும் இருக்கின்றன, காற்றுதான் இல்லை. வெளி மாநிலத்தில் வாங்கலாம் என்றால் தென் மாநிலங்களின் மின்கட்டம் வடக்கோடு இன்னும் ஒன்றாகச் சேரவில்லை, இடையில் இருக்கும் சில தடங்கள் வழியாக எவ்வளவு வருமோ அவ்வளவுதான் வரும், கையில் காசு இருந்தாலும் கொண்டுவர லைன் கிடையாது. வடசென்னையிலும் மேட்டூரிலும் புதிய அனல் மின் அலகுகள் இன்னும் கட்டி முடியவில்லை, முடிந்தாலும் 1,000 மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15,000 டன் நிலக்கரி வேண்டும், அது கப்பலில் வந்து இறங்க வேண்டும், அதன் சாம்பலை எங்கேயாவது கொட்ட வேண்டும். இவை எல்லாமே நமக்கு வேண்டும், ஒன்றைக்கூட விடச் சொல்லவில்லை. ஆனால் 13,171 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கி, 2002 முதல் கட்டி, முதல் அலகில் யுரேனியம் இல்லாத மாதிரி எரிபொருளை வைத்து, எல்லாவற்றையும் சூடாக்கி ஓட்டிப் பார்க்கும் சோதனை வரை முடித்துவிட்ட ஒன்றை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, இன்னும் எழும்பாத ஒன்றுக்காகக் காத்திருப்பது எனக்குப் புரியவில்லை.

பயத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மனுவை அனுப்பினால் அது பாதி மனுதான். 2011 மார்ச் 11 அன்று புகுஷிமாவில் நடந்ததை டிவியில் பார்த்த யாருக்கும் பயம் வரும், எனக்கும் வந்தது. அதனால் அங்கே என்ன ஆயிற்று என்று தேடிப் படித்தேன். நிலநடுக்கத்தில் உலைகள் தாமாகவே நின்றன. நின்ற பிறகும் உள்ளே வெப்பம் வந்துகொண்டே இருக்கும், அதைத் தணிக்க பம்ப் ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். வெளியிலிருந்து வந்த லைன் போயிற்று, கீழ்த்தளத்தில் இருந்த டீசல் ஜெனரேட்டர்களைச் சுனாமித் தண்ணீர் மூழ்கடித்தது. கரண்ட் இல்லாமல் பம்ப் நின்றதுதான் அங்கே வினை.

கூடங்குளத்தில் எதிர்பார்க்கப்படும் உச்ச நீர்மட்டத்தைக் கடல் மட்டத்துக்கு மேல் 5.44 மீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், டீசல் ஜெனரேட்டர்களை 9.3 மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. கரண்டே இல்லாமல் போனாலும், உலையின் வெப்பத்தை நீராவி தானாக மேலே கொண்டுபோய், கட்டடத்துக்கு வெளியே உள்ள குழாய்களில் காற்றுப் பட்டுக் குளிர்ந்து, தண்ணீராகித் தானாகவே கீழே இறங்கி வரும்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. பம்பும் வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம். மிஷின் வேலை செய்கிறவனுக்கு இது சட்டென்று புரியும், ஓடுகிற பாகம் குறையக் குறைய பழுதாகிற இடமும் குறையும். இதற்கும் மேலே, உலை உருகினால் ஏந்திக்கொள்ள அடியில் ஒரு தொட்டி, ஹைட்ரஜன் சேராமல் பார்த்துக்கொள்ளும் கருவிகள், இரட்டைச் சுவர்க் கவசம் என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. சுனாமியை நம் மண்ணிலேயே ஓர் அணுமின் நிலையம் பார்த்தும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அலகு, பம்ப் அறைக்குள் கடல் புகுந்ததும் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, சில நாட்களில் மறுபடி ஓடவும் ஆரம்பித்தது.

இவ்வளவு இருந்தும், கூடங்குளத்துக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரையில் உலை வேண்டாம் என்று லூர்து மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஏன் நம்பவில்லை? எனக்குத் தெரிந்தவரை யாரும் அவர்களிடம் அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கடலில் விடும் வெந்நீரால் மீன் போய்விடுமா, பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பீர்கள், ஏதாவது நடந்தால் எந்த வழியாக ஓடுவது, இவைதான் கேள்வி. மூன்றும் நியாயமான கேள்விகள். கரண்ட் இல்லாமல் கஷ்டப்படும் எங்களை அவர்களுக்கு எதிராக யாராவது நிறுத்தினால் அது எனக்குச் சம்மதமில்லை. எங்களுக்கு வருகிற வெளிச்சத்துக்குப் பக்கத்து வீட்டில் உலை வைத்துக்கொண்டு வாழப் போவது அவர்கள்தான். அவர்களை வெளிநாட்டுக் காசு வாங்கினவர்கள் என்று பேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள், போராடியதற்காக அந்த ஊர் மக்கள் மேல் போட்ட வழக்குகளை எடுத்துவிடுங்கள்.

அதோடு, வேலை தொடங்கும் அன்றைக்கே சில காரியங்களும் தொடங்க வேண்டும். நீங்கள் அமைத்த குழுவின் அறிக்கையை முழுதாக, சுருக்கமாக அல்ல, தமிழில் வெளியிடுங்கள். கடலில் விடும் நீர் கடலின் இயல்பான சூட்டைவிட 7 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது என்பது விதி, அந்த அளவைத் தினமும் எடுத்து இடிந்தகரை, கூத்தங்குழி, பெருமணல் ஊர்களில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிப் போடச் செய்யுங்கள், மீனவர்கள் சொல்லும் ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளக்கட்டும். பயன்படுத்திய எரிபொருளைப் பற்றி மத்திய அரசிடம் எழுத்தில் பதில் வாங்கி மக்களுக்குக் கொடுங்கள். உலையைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும் என்கிறது விதி, அந்த ஒத்திகையை எரிபொருள் ஏற்றுவதற்கு முன்பே நடத்துங்கள், எந்த பஸ் எந்தத் தெருவுக்கு வரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் இறக்குவார்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியட்டும். ரோடும், ஆஸ்பத்திரியும், மீன் வைக்கக் குளிர்பதனக் கிடங்கும் அந்த மக்களுக்கு எப்போதோ செய்திருக்க வேண்டியவை.

அவசரப்பட்டு ஓட்டுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. கடல் உப்புக்காற்றில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த இயந்திரத்தைச் சுவிட்ச் போட்டு ஓட்ட முடியாது. பம்ப், வால்வு, பைப் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அப்புறம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதி கொடுக்க வேண்டும், அதற்கப்புறம் எரிபொருள் ஏற்றி, படிப்படியாகத் திறனைக் கூட்டி, மின்கட்டத்தில் இணைக்க வேண்டும். இதில் ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஆனால் இத்தனைக்கும் மாதங்கள் ஆகும் என்பதனால்தான் இன்றைக்கே அனுமதி கேட்கிறேன். நீங்கள் இன்று சரி என்றாலும் இந்தக் கோடைக்கு அந்தக் கரண்ட் வந்து சேராது. இன்றும் சொல்லாவிட்டால் காற்று இறங்கும் அக்டோபரில் இதே இருட்டில்தான் உட்கார்ந்திருப்போம், அடுத்த வருடம் பிளஸ் டூ எழுதப்போகும் பிள்ளைகளும் இதே போலப் படிப்பார்கள்.

இன்னொன்று. 2,000 மெகாவாட்டில் 300 மெகாவாட் எந்த மாநிலத்துக்கும் ஒதுக்காமல் மத்திய அரசின் கையில் இருக்கிறது. நிலமும் கடலும் நம்முடையவை, பயமும் நம் மக்களுடையது, அதனால் அந்த 300-ஐயும் தமிழ்நாட்டுக்கே கொடுங்கள் என்று பிரதமருக்கு எழுதுங்கள். உங்கள் குரலுக்கு டெல்லியில் மதிப்பு இருக்கிறது.

அனுமதி கொடுக்கும் நாளிலேயே, சோதனை எந்த வாரம் முடியும், ஒத்திகை எந்தத் தேதியில், முதல் அலகின் கரண்ட் எந்த மாதம் என்று ஒரு கால அட்டவணையைச் சட்டமன்றத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தேதி தள்ளிப்போனால் ஏன் தள்ளிப்போனது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறைக்காரர், கோயம்புத்தூர் மாவட்டம்