தேர்வுக்கு முந்தைய இரவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ மாணவர்கள் தேர்வில் பின்தங்குவதற்குக் கைப்பேசியே காரணம் என்று வாசகர் ஒருவர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். முப்பத்தொரு ஆண்டுகள் உடற்செயலியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கைப்பேசிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் வகுப்புகளைக் கெடுத்தது பெரும்பாலும் தூக்கமின்மைதான். அதை வளர்த்தவர்களில் ஆசிரியர்களாகிய நாங்களும் அடக்கம்.

ஒரு வாய்மொழித் தேர்வை என்னால் மறக்க முடியவில்லை. சிறுநீரகம் எப்படிச் சிறுநீரைச் செறிவாக்குகிறது என்பதை முந்தைய வாரம்தான் சக மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து விளக்கியிருந்தாள் அந்த மாணவி. நானே கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், அவ்வளவு தெளிவு. தேர்வன்று, சிறுநீரக நுண்குழாயில் கீழிறங்கி மேலேறும் அதே ஹென்லே வளைவை வரையச் சொன்னேன். வரைந்தாள். மேலேறும் பகுதி நீரை வெளியே விடுமா என்று கேட்டேன். "விடும்" என்றாள். தவறு என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் சரியான விடை நாவுக்கு வரவில்லை. பேனா பிடித்த விரல்கள் நடுங்கின. முந்தைய நாள் காலையில் எழுந்தவள் அதன்பின் கண் மூடவே இல்லை என்று பிறகு சொன்னாள்.

24 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. குடித்துவிட்டு வந்த மாணவரை எந்தத் தேர்வாளரும் அறைக்குள் விடமாட்டார். தூங்காமல் வந்தவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன் நான்.

படித்தது மனத்தில் தங்குவதற்கே தூக்கம் வேண்டும். பகலில் மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் பற்றிக்கொண்டதை ஆழ்ந்த உறக்கத்தின்போது மூளை மீண்டும் ஓட்டிப் பார்த்துத் தன் மேலடுக்கான புறணியில் பதிக்கிறது. படித்தபின் தூங்கியவர்கள், விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறக்கிறார்கள் என்பது 1924லேயே சோதித்துப் பார்க்கப்பட்ட செய்தி. இதைப் பாடமாக நடத்திவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கே தேர்வு வைத்தவர்கள் நாங்கள்.

காபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காஃபின் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் சென்று ஒட்டும் இடங்களை, அதாவது அதன் ஏற்பிகளை, அடைத்துக்கொள்கிறது, அவ்வளவே. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்தது அதிகாலை மூன்று மணிக்கும் பாதி மிச்சமிருக்கும். புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்தாலும் உறக்கம் ஆழமாகாது. என் மாணவர்களில் பலர் இந்த ஏற்பிகளைப் பற்றித் தேர்வில் பிழையில்லாமல் எழுதிவிட்டு, அன்றிரவே நான்காவது கோப்பையைக் கையில் எடுத்தவர்கள். காலை உணவைத் தவிர்ப்பது, மாதக்கணக்கில் நடைப்பயிற்சிகூட இல்லாமல் நாற்காலியிலேயே கிடப்பது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. ஆனாலும் தூக்கம் சரியானால் இவற்றில் பாதி தானாகச் சரியாவதைப் பார்த்திருக்கிறேன்.

"சீக்கிரம் தூங்குங்கள்" என்று மாணவர்களுக்கு மட்டும் அறிவுரை சொல்வது நியாயமில்லை. இரவு முழுவதும் வார்டில் நின்றவருக்கு மறுநாள் காலையில் தேர்வு வைக்காதீர்கள். ஒரே வாரத்தில் மூன்று துறைகள் தேர்வு நடத்துவதை, துறைத் தலைவர்கள் ஒருமுறை கூடிப் பேசினாலே தவிர்க்கலாம். பருவ இறுதியில் மலைபோல் ஒரு தேர்வு என்பதற்குப் பதில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சிறு தேர்வு வையுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பதே நீண்ட நாள் நிற்கும். பணியின் கடைசி நான்கு ஆண்டுகளில் என் பிரிவில் அப்படித்தான் செய்தேன். தேர்வு நாள் காலையில் சிவந்த கண்கள் குறைந்தன.

அந்த மாணவிக்கு அந்த ஏற்பாடு கிடைக்கவில்லை. மறுவாய்ப்புத் தர விதியில் இடமில்லை என்று சொல்லி, அன்று அவளுக்குத் தேர்ச்சிக்குக் குறைவான மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்செயலியல் பேராசிரியர்