வயசு மட்டுமில்ல, காசும்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வயசானவங்க இன்டர்நெட்டுக்கு வரப் பயப்படுறாங்கன்னு போன கிழமை உங்க பத்திரிகையில வந்த செய்தி பார்த்தேன், அது அரைவாசி உண்மை, மிச்சம் காசு. வெள்ளவத்தையில இருக்கிற எங்க பெரியம்மாவுக்கு 74 வயசு, மகன் கனடாவில இருந்து டெப் அனுப்பியிருக்கான், வீட்டில வைஃபை, டொக்டரை சனல் பண்றது (பார்க்க நேரம் பதியிறது), கரண்ட் பில் கட்டுறது எல்லாம் அவவேதான் (எங்களுக்கும் பாடம் எடுப்பா). எங்க கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வேலைக்கு வந்த அக்காவுக்கும் கிட்டத்தட்ட அதே வயசு, கையில பட்டன் போன். 2022ல பெட்ரோல் தட்டுப்பாட்டில கியூஆர் கோட் காட்டினாத்தான் பெட்ரோல்னு வந்த நேரம் புருஷனோட த்ரீவீலுக்குப் பதியணும்னு கொமியூனிகேஷன் கடை வாசல்ல நின்னாங்க, நானும் கூடத்தான் நின்னேன், கடைப் பையன் காசையும் வாங்கிட்டு, போனுக்கு வந்த ஓடிபி நம்பரை (அடுத்தவங்களுக்குச் சொல்லக் கூடாத ரகசிய நம்பர்) சத்தமா வாசிங்கன்னான், பின்னால நின்ன அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. இதுக்குப் பேர் பயமா?

எல்லாத்தையும் ஒன்லைன் ஆக்குங்க, வேணாம்னு சொல்லல, ஆனா ஒவ்வொரு பிரதேச செயலகத்திலயும் பொது நூலகத்திலயும் 60 தாண்டினவங்களுக்குன்னு ஒரு மேசை போட்டு, ஓசி வைஃபையோட தமிழும் சிங்களமும் தெரிஞ்ச ஒருத்தரை உட்கார வைங்க, அதுவரைக்கும் கடதாசி ஃபோமை நிப்பாட்டாதீங்க.

வாசகி,
கொழும்பு 13