அடுத்த வரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி தேவலை. மற்றபடி எல்லோரும் சுகம். மூன்று ஞாயிறாக "மீட்டிங் இருக்குப்பா" என்று இரண்டே நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையில் என்ன மீட்டிங் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

தம்பி எதுவும் சொல்லவில்லை, அவனைத் திட்டாதே. இரண்டு வருடம் நீ உட்கார்ந்து செய்த வேலையை எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னது வேறு ஒருவர் என்று பேச்சுவாக்கில் வாயை விட்டுவிட்டான், அவ்வளவுதான். கைதட்டல்கூடக் கிடைத்ததாமே. கிடைக்கட்டும். நம் பெரியப்பா மாதிரி ஆட்கள் எல்லா இடத்திலும் உண்டு.

இந்தக் கடிதம் அதைப் பற்றி இல்லை. நாலு பேர் முன்னால் எழுந்து பேசுவது பற்றிப் பொதுவாகச் சில விஷயம் எழுதுகிறேன்.

முழுவதையும் மனப்பாடம் செய்யாதே. முதல் இரண்டு வாக்கியம், கடைசி ஒன்று, போதும். நடுவில் உள்ளதை ஐந்தாறு சொல்லாக ஒரு சின்ன அட்டையில் குறித்துக்கொள். மனப்பாடத்தில் ஒரு சொல் நழுவினால் பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நின்றுகொண்டு சத்தமாகச் சொல்லிப் பார். மனதுக்குள் வாசிப்பது ஒத்திகை ஆகாது. போனில் பதிவு செய்து கேள். "ஐயே, இதுவா என் குரல்" என்று இருக்கும். பேசும்போது நம் குரல் மண்டையெலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருவதால் நமக்கு மட்டும் கனமாகக் கேட்கிறது. பதிவில் அது கிடையாது. ஆனால் மற்றவர்கள் என்றைக்கும் கேட்பது அந்தப் பதிவுக் குரலைத்தான், அவர்கள் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "அதாவது", "வந்து", "ஆக்சுவலா" எத்தனை தடவை வருகிறது என்று எண்ணு. என்னுடையதை எண்ணினேன். அது வேண்டாம் விடு.

நாக்கு வறண்டு நெஞ்சு படபடப்பது கோழைத்தனம் இல்லை, அட்ரினலின் செய்கிற வேலை. பெரும்பாலும் ஆரம்பத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும், பேசப் பேச அடங்கும். அதற்குத்தான் முதல் இரண்டு வாக்கியம் என்கிறேன். உள்ளே நடுங்குகிற அளவுக்கு வெளியே தெரியவும் தெரியாது.

பம்பாயில் தன் முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்த காந்திக்குத் தலை சுற்றி, ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார், ஃபீஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே மனிதர் 1893-ல் பிரிட்டோரியாவில் இந்தியர்கள் கூட்டத்தில் எழுந்து பேசினார். அதைத்தான் தன் முதல் பொதுப்பேச்சு என்கிறார். வியாபாரத்தில் உண்மை என்ற விஷயத்தை நன்றாகத் தயார் செய்துகொண்டு போனாராம். உன் விஷயத்தில் உன்னளவுக்குத் தெரிந்தவர் அங்கே யார் இருக்கிறார்கள்? அதை இன்னொருவர் கையில் கொடுப்பாயா? சரி, அதைப் பற்றி இல்லை என்றேன்.

ஏழாம் வகுப்பில் உன்னை அவையஞ்சாமை பத்துக் குறளும் ஒப்பிக்க வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அது 73-ஆவது அதிகாரம். போன வாரம் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், அதற்கு முந்தையது, 72, அவையறிதல். முதலில் எதிரே இருப்பவர் யாரென்று தெரிந்துகொள், அஞ்சாமை அப்புறம். உணரக்கூடியவர்கள் முன் பேசுவது வளர்கிற பாத்தியில் நீர் பாய்ச்சுவது போல என்று அதில் ஒரு குறள், 718. நான் 72-ஐ விட்டுவிட்டு நேரே 73-க்குப் போயிருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பயப்படாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பேச்சுப் போட்டி. நாலு பக்கம் நான் எழுதிக் கொடுத்தது. கமா விடாமல் உருப்போட வைத்தேன். நீல ரிப்பனைக் கட்டிக்கொண்டு ஏறினாய், "நடுவர் அவர்களே" வரை கணீரென்று வந்தது. இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாய். இரண்டு நொடி இருக்குமா? நான் இரண்டாவது வரிசையில் எழுந்து நின்று அடுத்த வரியைக் கத்தினேன். நீ திருப்பிச் சொன்னாய். அதற்கடுத்த வரியையும் கத்தினேன். கடைசிவரை அப்படியே. கூடம் முழுக்கச் சிரித்தது.

அதைக் கல்யாண வீடுகளில் எல்லாம் வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். தட்டைப் பார்த்துக்கொண்டே நீயும் சிரிப்பாய்.

உனக்கு மறந்துபோயிற்றா, மூச்சு வாங்க நின்றாயா என்று இருபது வருடமாக நான் கேட்கவே இல்லை. நன்றாகப் பேசுகிறவர்கள் நடுவில் நிறுத்துகிறார்கள், பாப்பா. நிறுத்தி, ஆட்களைப் பார்த்து, மூச்சு விட்டுக்கொண்டு தொடர்கிறார்கள். நீ அதைத்தான் செய்தாயோ என்னவோ. பொறுக்க முடியாமல் போனது எனக்குத்தான். யாராவது உன்னிடம் பெயர் கேட்டால்கூட நான்தானே பதில் சொல்வேன், "கூச்சப்படுவா" என்று.

முதல் வரி வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன் என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அந்த இரண்டு வருட வேலை என்னவென்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஒன்றும் தெரியாத ஆளுக்குப் புரிகிற மாதிரி பத்து நிமிடம் சொல். எங்கே வேண்டுமானாலும் நிறுத்து. நான் குறுக்கே பேசினால் போனைப் பிடுங்கிவிடச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்பா