ஐயாவின் நோட்டும் நினைவுள்ள தொடரும்

நரிமேடு, மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள சுந்தரம்,

இங்கு நலம். உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? உன் கடிதத்திற்கு ஐந்து மாதமாகப் பதில் எழுதாமலிருந்தது என் தவறு. நம் கணக்கு ஐயாவைப் பற்றி உடனே எழுத வேண்டியிருப்பதால் இன்று உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று மாலை சிம்மக்கல்லில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார். வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவிட்டு வந்த உன்னை இன்னும் அவர் மன்னிக்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்கிய நாளில் நம்மை வைகைக் கரைக்கு அழைத்துப் போனதையும், யார் எங்கே நின்றோம் என்பதையும் பிசகாமல் சொன்னார். ஆனால் காபியைக் குடித்து முடித்து, கையிலிருந்த டம்ளரின் சூடு ஆறுவதற்குள், "இவனுக்குக் காபி கொடுத்தீர்களா? எனக்கும் கொஞ்சம் கொண்டு வாருங்கள்" என்றார். வந்து போகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். நேற்றைய தேதியின் கீழே என் பெயர் மூன்று முறை இருந்தது. மூன்றாவதை என் கண்முன்னேதான் எழுதினார். மேலிருந்த இரண்டையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடினார்.

புறப்படும்போது அவர் மகன் வாசல்வரை வந்து, "மூளையில் சிப் வைத்தால் நினைவு திரும்பிவிடும் என்று சுந்தரம் அண்ணன் சொன்னார், மேலூர்ப் பக்கத்து நிலத்தை விற்றால் செலவுக்குக் காணுமா?" என்று கேட்டார். எனக்குப் பகீரென்றது. நீ நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பாய். ஆனால் இங்கும் விடையை மட்டும் சொல்லி வழியை விட்டுவிட்டாய்.

வழி இதுதான். காதுக்கு உட்புறமாக, மூளையின் பக்க மடலுக்குள், கடல்குதிரையைப் போல வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ்தான் புதிய அனுபவத்தை நிலைத்த நினைவாக மாற்றும் இடம். வலிப்பு நோய்க்காக 1953இல் இருபுறமும் அப்பகுதி அகற்றப்பட்ட ஹென்றி மோலைசனுக்கு இளமைக்கால நினைவுகள் இருந்தன. சற்றுமுன் சந்தித்தவர் நினைவில் தங்கவில்லை. ஹிப்போகாம்பஸுக்குள் சிஏ3 என்ற பகுதியிலிருந்து சிஏ1 என்ற பகுதிக்குச் செய்தி போகிறது. சிஏ3இன் எந்த நரம்பணு எந்த மில்லிநொடியில் மின்துடிப்பு விட்டுத் துடித்தது என்று தெரிந்தால், சிஏ1 அணுக்கள் எப்படித் துடிக்கும் என்று கணித்துவிட முடியுமா? தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தியோடர் பெர்கரும் டாங் சாங்கும் எடுத்துக்கொண்ட கேள்வி இது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் கையாண்ட கணிதக் கருவி. ஒரு துடிப்பு தனியாக வந்தால் ஒரு விளைவு. சில மில்லிநொடிகளில் இன்னொன்று அதைத் தொடர்ந்து வந்தால் விளைவு இரண்டின் கூட்டுத்தொகையாக இருப்பதில்லை. ஆகவே தனித்தனித் துடிப்புகளுக்கு முதல் உறுப்பு, இணைகளுக்கு இரண்டாம் உறுப்பு என்று வோல்ட்டெரா தொடராக, அதாவது உறுப்பு உறுப்பாகக் கூட்டிக்கொண்டே போகும் கோவையாக, எழுதுகிறார்கள். ஐயா நமக்குக் கரும்பலகை நிறைய எழுதிக் காட்டிய டெய்லர் தொடரின் உடன்பிறப்பு அது. டெய்லர் தொடர் உள்ளீட்டின் இந்தக் கணத்து மதிப்பை மட்டும் பார்க்கும். வோல்ட்டெரா தொடர் சற்றுமுன் வந்துபோனவை ஒவ்வொன்றுக்கும் இன்னும் எவ்வளவு எடை மிச்சம் என்றும் பார்க்கும். "நினைவுள்ள டெய்லர் தொடர்" என்றே அதைச் சொல்வதுண்டு. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இப்படிக் கணித்த துடிப்புகளை மின்முனைகள் வழியாக ஹிப்போகாம்பஸுக்கே மின்தூண்டலாகக் கொடுப்பதுதான் நீ சொன்ன சிப்பின் வேலை. 2011இல் எலிகளில் இது பலன் தந்தது. 2018இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹாம்ப்சன் குழுவினரோடு சேர்ந்து எட்டு மனிதர்களிடம் சோதித்தார்கள். படத்தைக் காட்டி, மறைத்து, பிறகு பல படங்களிலிருந்து அதை எடுக்கச் சொன்னபோது நினைவுத்திறன் ஏறக்குறைய 37 சதவீதம் உயர்ந்தது. உன் காதில் விழுந்தது இந்த எண்ணாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த எட்டுப் பேரும் வலிப்பு நோயாளிகள். வலிப்பின் இடத்தைக் கண்டறிய அவர்கள் மூளையில் மின்முனைகள் ஏற்கனவே பொருத்தப்பட்டிருந்தன. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தொடரின் எடைகளை வேறொருவர் மூளையிலிருந்து கடன் வாங்க முடியாது. அவரவர் சரியாக நினைவுகூர்ந்த தருணங்களைப் பதிவு செய்து, அவற்றிலிருந்துதான் கணிக்க வேண்டும். ஐயாவுக்கோ வந்திருப்பது அல்சைமர் என்ற மறதி நோய். அணுக்களே அழிந்துகொண்டிருக்கும்போது அந்தக் கணித மாதிரி எதைக் கேட்கும், எங்கே போய் எழுதும்? அந்தக் காபி பதியவே இல்லை, சுந்தரம். பதியாததை எந்தச் சிப்பும் எடுத்துத் தராது. நிலத்தை விற்று வாங்கக்கூடிய பொருளாக இது இன்று எங்கும் இல்லை.

இதை வாசலிலேயே மகனிடம் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் நீ கொடுத்த நம்பிக்கையை என் சொல் அசைத்ததாகத் தெரியவில்லை. நீயே கூப்பிட்டுப் பேசு. அந்தப் பணம் பகலில் துணைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ள உதவட்டும். மருமகள் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இளைத்துப்போயிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே, பேச்சுவாக்கில், இந்தத் தொடரை ஐயாவிடம் விவரித்திருந்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "இரண்டாம் உறுப்பில் முன்பின்னை மாற்றினால் மதிப்பு மாறுமா?" என்று கேட்டார். ஒரே உள்ளீட்டின் இரு துடிப்புகள் என்றால் மாறாது, இரு வேறு உள்ளீடுகள் என்றால் மாறலாம் என்றேன். "அதை முதலில் சொல்ல வேண்டாமா?" என்று கடிந்துகொண்டு, நோட்டைத் திறந்து, என் பெயரை எழுதி, பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார். அது அவர் எழுதிய மூன்றாவது பெயர்.

சனிக்கிழமை மறுபடி போகிறேன். அதற்குள் பேசிவிடு.

உன்,
முத்துராமன்