கோப்பைக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கல்லூரிகளுக்கிடையேயான கால்பந்துப் போட்டியில் எங்கள் அணி இவ்வாண்டு வாகை சூடியதை அறிந்து வாழ்த்திய அனைவருக்கும் முதற்கண் நன்றி. வாழ்த்துகள் பெரும்பாலும் களத்தில் ஆடிய பதினொருவரைத் தேடியே வந்தன. ஒரு சிறிய கல்லூரியில் அந்தப் பதினொருவர் களமிறங்குவதற்கே எத்தனை பேர் தோள்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நாங்கள் அறிவோம் என்பதால், அணித் தலைவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் அணியில் மொத்தமே 16 பேர். முழு ஆட்டமாகப் பயிற்சி செய்ய 22 பேர் வேண்டும். அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் முன்னாள் மாணவர்கள். வாரம் முழுவதும் வேலை பார்த்த களைப்போடு, ஞாயிறு காலை ஆறு மணிக்கே வந்து எதிரணியாக நின்றார்கள். அவர்களுள் சிலருக்கு ஓட்டம் குறைந்து தொந்தி கூடியிருந்தது உண்மைதான். ஆட்டக் கணிப்பு மட்டும் இம்மியும் குறையவில்லை. எங்கள் முன்கள வீரர்களைத் திரும்பத் திரும்ப ஆஃப்சைடில் (பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டி, கோலுக்கு அருகே நின்று பந்தைப் பெறும் தவறில்) சிக்கவைத்து, பந்து நம்மிடம் வந்து சேரும்போது அல்ல, சக வீரரின் காலைவிட்டுப் புறப்படும் கணத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதே கணக்கு என்று புரியவைத்தவர்கள் அவர்களே.

மைதானத்தைப் பராமரிக்கும் ஐயாவுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் தனி. மழையில் கோடுகள் கரைந்துபோன ஒரு நாள், விடியுமுன்னே குனிந்து சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டிருந்தவர், பெனால்டி புள்ளியை நாடாவால் அளந்து பார்த்துவிட்டு எங்களை அழைத்தார். கோல் கோட்டிலிருந்து 11 மீட்டரில் இருக்க வேண்டிய புள்ளி, ஏறத்தாழ இரண்டடி உள்ளே தள்ளியிருந்தது. இரண்டாண்டுகளாக நாங்கள் அங்கிருந்துதான் அடித்துப் பழகியிருந்தோம்! அன்றே புள்ளியைத் திருத்தியதோடு, இனி தவறக் கூடாதென்று ஒரு நைலான் கயிற்றில் அளவுக்கு முடிச்சும் போட்டு வைத்தார். இறுதி ஆட்டம் 90 நிமிடங்களிலும் கூடுதல் நேரத்திலும் 1-1 என்றே நின்று, பெனால்டியில் 4-3 என முடிந்தபோது, எங்களில் பலருக்கு அந்தக் கயிறுதான் நினைவுக்கு வந்தது.

லீக் ஆட்டமொன்றில் எங்கள் கோல்கீப்பர் தடுத்த பெனால்டியைச் செல்லாது என்று அறிவித்து மீண்டும் அடிக்கச் சொன்ன நடுவருக்கும் நன்றி கூற வேண்டும். அன்று முணுமுணுத்தோம். ஆட்டம் முடிந்ததும் அவரே அருகில் வந்து, பந்து உதைக்கப்படும் கணத்தில் கீப்பரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டின் மீதோ அதற்கு நேராகவோ அதன் பின்னாலோ இருக்க வேண்டும் என்ற விதியை நின்று காட்டியே விளக்கினார். இறுதி ஆட்டத்தில் எங்கள் கீப்பர் தடுத்த இரண்டு பந்துகளும் கேள்விக்கு இடமின்றிச் செல்லுபடியாயின.

கணுக்கால் சுளுக்கிய வீரரை மூன்று வாரம் ஆடவிடாமல் நிறுத்திய இயன்முறை மருத்துவரிடம், அப்போது வாதாடியதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம். அரையிறுதியில் வெற்றிக் கோலை அடித்தவர் அவர்தான். தவறிய ஆய்வக வகுப்புகளை மாலையில் நடத்தித் தந்த பேராசிரியர்களுக்கும், எத்தனை மணிக்குத் திரும்பினாலும் உணவை மூடிவைத்துக் காத்திருந்த விடுதிச் சமையலறையினருக்கும், பெற்றோருக்கும் எங்கள் நன்றி. கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டு மண்டியிட்டிருந்த தம் வீரரைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடுத்த நிமிடமே எங்களிடம் வந்து கைகுலுக்கிய எதிரணித் தலைவரையும் மறக்க மாட்டோம்.

இவ்வாண்டோடு எங்களில் ஐவர் படிப்பை முடித்து வெளியேறுகிறோம். ஆகவே முன்னாள் மாணவர்கள் அருள்கூர்ந்து அடுத்த பருவத்திலும் ஞாயிறு காலைகளை ஒதுக்கிவைக்க வேண்டுகிறேன். இம்முறை எதிரணி வரிசையில் நாங்கள் ஐவரும் உங்களோடு நிற்போம்.

இங்ஙனம்,
அணித் தலைவன்,
அணி வீரர்கள் அனைவரின் சார்பாக.